புதுசா கோயிலுக்கு வர்றவங்களுக்கு: கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு வாரம் என்ன பண்றது

நான் கல்யாணம் கட்டி மலேசியாவுல கெடா மாநிலத்து பாடாங் செராய் பக்கம் வந்தப்ப கிறிஸ்மஸ்னா எனக்குத் தெரிஞ்சது மரம், கேக், அச்சு முறுக்கு அவ்ளோதான். பொறந்த வீடு இந்து வீடு, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து லயத்துல (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு) வளர்ந்தவ நான். முதல் வருஷம் ஆர்வக்கோளாறுல தீபாவளி லைட்டைக் கழட்டாமலே அதையே கிறிஸ்மஸ் லைட்டுன்னு ஓட்டிட்டேன், நவம்பர் மாசமே மரம் வச்சாச்சு, கேக் நாலு ரவுண்டு செஞ்சு நாலு ரவுண்டும் தின்னாச்சு, கடைசில டிசம்பர் 24 ராத்திரி பூசையில வீட்டுக்காரர் தோள்ல சாஞ்சு நல்லா தூங்கிட்டேன். அத்தை (என் மாமியார், பால்மரம் வெட்டியே அஞ்சு புள்ளைங்கள வளத்தவங்க) அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. மறுநாள் பசியாறும்போதுதான் மெதுவா, "வர்றவரு வர்றதுக்கு முன்னாடியே நீ விருந்து சாப்பிட்டு முடிச்சிட்டியேம்மா"ன்னாங்க.

அந்த ஒரு பேச்சுலதான் எனக்கு திருவருகைக்காலம்னா (அட்வெண்ட், கிறிஸ்மஸுக்கு முன்னாடி காத்திருக்கற காலம்) என்னன்னு புரிஞ்சுது. இப்ப நானே ஆர்.சி.ஐ.ஏ வகுப்புல (பெரியவங்களை ஞானஸ்நானத்துக்குத் தயார் பண்ற வகுப்பு) கூட இருந்து உதவி பண்றேன், வருஷா வருஷம் அதே கேள்விங்கதான் வருது, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிரலாம்னு. நான் கத்தோலிக்க முறைப்படிதான் சொல்றேன். லுத்தரன், மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைங்கள்லயும் அட்வெண்ட் இருக்கு, கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் வரும், உங்க சபை போதகர்கிட்ட கேட்டுக்குங்க.

முதல்ல தேதியைப் பாருங்க

டிசம்பர் ஒண்ணாந்தேதி ஆரம்பிக்குதுன்னு நிறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, கடையில விக்கிற சாக்லேட் காலண்டர் பண்ற வேலை அது. நவம்பர் 30 அந்திரேயா திருநாள், அதுக்கு ரொம்ப கிட்ட எந்த ஞாயிறு வருதோ அதுதான் முதல் ஞாயிறு, அங்கேருந்து எண்ணினா கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு சரியா வரும். 2025ல அது நவம்பர் 30லயே விழுந்துச்சு, 2026ல நவம்பர் 29. நாலு ஞாயிறுதான் கணக்கே தவிர நாலு முழு வாரம்னு கணக்கு இல்ல. 2023ல பாருங்க, டிசம்பர் 24 ஞாயித்துக்கிழமை, காலைல நாலாவது ஞாயிறு பூசை, அன்னிக்கு ராத்திரியே கிறிஸ்மஸ் பூசை, "ரெண்டுக்கும் போகணுமா சிஸ்டர்"னு எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா. ஆமா, ரெண்டும் வேற வேற பூசை.

இன்னொண்ணு, கோயில் கணக்குக்கு வருஷப் பொறப்பே இந்த முதல் ஞாயிறுதான். வாசகப் புத்தகமும் அன்னிக்கு மாறும். மத்தேயு, மாற்கு, லூக்கான்னு வருஷத்துக்கு ஒரு நற்செய்தி சுத்தி சுத்தி வரும்.

கோயில்ல என்ன மாறும்னு தெரிஞ்சுக்குங்க, அப்பறம் முழிக்க வேணாம்

ஃபாதர் ஊதா கலர் உடுப்பு போட்டிருப்பாரு. பீடத்துல பூ கம்மியா இருக்கும். "உன்னதங்களிலே" பாட்டு ஞாயிறு பூசையில இருக்காது, பாட்டுக் குழு மறந்துட்டாங்கன்னு நெனச்சு பக்கத்துல இருக்கவங்கள இடிக்காதீங்க (நான் இடிச்சிருக்கேன்). அது வானதூதர்ங்க மேய்ப்பர்களுக்குப் பாடின பாட்டு, அதனால கிறிஸ்மஸ் ராத்திரிக்குன்னு எடுத்து வைக்கிறாங்க, மணியடிச்சு அதை மறுபடி ஆரம்பிக்கும்போது உடம்பு சிலிர்க்கும், நாலு வாரம் கேக்காம இருந்தாதான் அந்தச் சிலிர்ப்பு. அல்லேலூயா மட்டும் உண்டு, அதை நிறுத்துறது தவக்காலத்துல.

மூணாவது ஞாயிறு திடீர்னு ரோஸ் கலர். முதல் தடவை பாத்தப்ப ஃபாதரோட ஊதா உடுப்பு வாஷிங் மெஷின்ல சாயம் போயிருச்சுன்னு நான் சத்தியமா நம்பினேன். அது மகிழ்ச்சி ஞாயிறு, பாதி தூரம் தாண்டியாச்சு, கிட்ட வந்துட்டோம்னு சொல்ற கலர்.

வாசகங்களும் புதுசா வர்றவங்கள குழப்பும். பாலன் இயேசு, மாட்டுத் தொழுவம்னு எதிர்பாத்துப் போனா முதல் ஞாயிறு ஒரே பயமுறுத்தல், விழிப்பா இருங்க, வீட்டு எஜமான் எந்நேரம் வருவாருன்னு தெரியாதுன்னு. ரெண்டாவது மூணாவது ஞாயிறு திருமுழுக்கு யோவான் வந்து நிப்பாரு. நாலாவதுலதான் மாதாவும் சூசையப்பரும். ஏன்னா இந்தக் காலத்துக்கு ரெண்டு பாதி இருக்கு, டிசம்பர் 16 வரைக்கும் ஆண்டவர் கடைசில திரும்பி வர்றதைப் பத்தின நெனப்பு, 17லேருந்துதான் பெத்லகேம்.

அந்த "விழிப்பா இருங்க"வுக்கு அத்தை சொன்ன விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்துலயும் கேட்டதில்ல. அந்தக் காலத்துல விடியறதுக்கு முன்னாடி பெரட்டு, பேரு கூப்பிடும்போது ஆள் இல்லன்னா அன்னிக்குக் கூலி போச்சு, அதனால கடிகாரம் இல்லாத வீட்டுலகூட நாலு மணிக்குத் தானா கண்ணு முழிக்குமாம். பயத்துல ஆரம்பிச்சது, பழகிப் போயி கடைசில பெரட்டு இல்லாத ஞாயித்துக்கிழமையும் முழிப்பு வந்துருமாம். "அப்படி ஆவணும், அவ்ளோதான்"ம்பாங்க. தோட்டம் செம்பனையா மாறி பால்மரமெல்லாம் போயும் அவங்க சாவுற வரைக்கும் நாலு மணிக்கு எழுந்து செபமாலை சொன்னாங்க.

ஒரு பத்து நிமிஷத்தைப் பிடிங்க

இதுதான் நெசமான வேலை, மத்ததெல்லாம் இதைச் சுத்தி வர்றதுதான். ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், தினம் அதே இடம், முடிஞ்சா அதே நேரம். எங்க ஊர்ல பாதி பேர் கூலிம் ஹைடெக் பார்க்ல ஃபேக்டரி வேலை, பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட், ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரி, அவங்ககிட்ட போயி "காலை அஞ்சு மணிக்கு எழுந்து தியானம்"னு சொன்னா அடிக்க வருவாங்க. நானும் ஷிஃப்ட்காரிதான். நான் பண்றது, ஃபேக்டரி பஸ்ல ஏறி உக்காந்ததும் போனைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துருவேன், முதல் பத்து நிமிஷம் அதுக்குத்தான். ராத்திரி ஷிஃப்ட்னா வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுப் படுக்கறதுக்கு முன்னாடி. நேரம் மாறினாலும் "எதுக்கு அப்பறம்"ங்கறது மாறாது, அதைப் பிடிச்சுக்கிட்டா போதும்.

அந்தப் பத்து நிமிஷத்துல என்ன பண்றது? லூக்கா நற்செய்தி 24 அதிகாரம், டிசம்பர் 1லேருந்து 24 வரைக்கும் நாளுக்கு ஒண்ணு படிங்கன்னு ஒரு முறை இருக்கு, நல்ல முறைதான், ஆனா புதுசா வர்றவங்களுக்கு நான் அதைச் சொல்றதில்ல. அஞ்சாம் நாளே பின்தங்கிருவோம், அப்பறம் குத்த உணர்ச்சில மொத்தமா விட்டுருவோம். அதுக்குப் பதிலா லூக்கா முதல் ரெண்டு அதிகாரம் மட்டும் எடுத்துக்குங்க. முதல் அதிகாரம் 80 வசனம், ரெண்டாவது 52, மொத்தம் 132, இருபத்து நாலு நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு அஞ்சாறு வசனம்தான். ஒரு தடவை மனசுக்குள்ள, ஒரு தடவை வாய்விட்டு. பஸ்ல வாய்விட்டுப் படிக்க வெக்கமா இருந்தா உதட்டை மட்டும் அசைங்க. தமிழ்ல 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியம் புரியற தமிழ்ல இருக்கு, அதையே எடுங்க.

அந்த அஞ்சாறு வசனத்துல ஒரு ஆள் மேல மட்டும் கண்ணை வைங்க. செக்கரியாவை எடுத்துக்குங்க, வயசான குரு, புள்ள இல்ல, வானதூதர் வந்து புள்ள பொறக்கும்னு சொன்னா நம்பல, பேச்சு நின்னு போச்சு, புள்ள பொறந்து பேரு வைக்கிற வரைக்கும் பேச்சே இல்ல. எல்லாரும் அதைத் தண்டனைன்னு சொல்றாங்க, எனக்கு என்னவோ அந்த மனுசனுக்குக் கெடச்ச லீவு மாதிரி தெரியும். அந்த வாரம் நான் வாட்ஸ்அப் குடும்ப குரூப்ல பதில் போடாம இருந்து பாத்தேன், ரெண்டு நாள்தான் தாங்குச்சு. அதே மாதிரி நாசரேத்லேருந்து பெத்லகேம் நூறு கிலோமீட்டருக்கு மேல, நம்ம ஊர்லேருந்து தைப்பிங்கையும் தாண்டிப் போற தூரம், மாசமா இருக்கற பொண்ணு, பேரு பதியறதுக்கு. யோசிச்சுப் பாருங்க.

மெழுகுவர்த்தி வளையம்

வேணும்னா செய்யுங்க, கட்டாயம் இல்ல. ஆனா வீட்டுல புள்ளைங்க இருந்தா இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1839ல ஜெர்மனில ஹாம்பர்க்னு ஒரு ஊர்ல விக்கர்ன்னு ஒரு லுத்தரன் போதகர், ஏழைப் புள்ளைங்க இல்லம் நடத்தினவரு, புள்ளைங்க தினமும் "கிறிஸ்மஸ் எப்ப எப்ப"ன்னு நச்சரிச்சதுல ஒரு பழைய வண்டிச் சக்கரத்துல மெழுகுவர்த்தி குத்தி வச்சாராம், ஞாயித்துக்கிழமைக்குப் பெருசு, மத்த நாளுக்குச் சின்னது, தினம் ஒண்ணு ஏத்தறது. அதுதான் சுருங்கி இப்ப நாலு.

நாலு மெழுகுவர்த்தி, மூணு ஊதா, ஒரு ரோஸ். ஊதா கெடைக்கலன்னா வெள்ளை மெழுகுவர்த்தியில ஊதா ரிப்பன் கட்டுங்க, ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) கடையில எல்லாம் இருக்கு. சுத்தி பச்சை இலை வைக்கணும், படத்துல பாக்கற இலையெல்லாம் நம்ம ஊர்ல வளராது. ஒரு வருஷம் சவுக்குக் கொப்பு வச்சேன், ரெண்டே வாரத்துல காஞ்சு சருகாகி மெழுகு சொட்டி லேசா பத்திக்கிச்சு, மேசைத் துணி போச்சு. இப்ப மாவிலைதான், வாரா வாரம் மாத்திருவேன். அடியில தட்டு வைங்க, தூங்கறதுக்கு முன்னாடி ஊதி அணைங்க.

முதல் வாரம் ஒண்ணு, ரெண்டாவது வாரம் ரெண்டு, மூணாவது வாரம் ரோஸையும் சேத்து மூணு, கடைசில நாலும். ராத்திரி சாப்பாட்டு நேரத்துல வீட்டு லைட்டை அணைச்சிட்டு ஏத்துங்க, ஒரு சின்ன செபம், ஒரு பாட்டு, போதும். கார்த்திகை தீபமும் இந்த நேரத்தை ஒட்டித்தான் வரும், பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல வரிசையா அகல் ஏத்தியிருப்பாங்க, என் பொண்ணு "அவங்களும் அட்வெண்ட் வைக்கிறாங்களாம்மா"ன்னு கேட்டா. இல்லடி, அது அவங்க சாமிக்கு, இது நம்ம சாமிக்கு, இருட்டுல விளக்கு ஏத்தணும்னு ரெண்டு வீட்டுக்கும் தோணியிருக்குன்னு சொன்னேன். எங்கம்மா வீட்டுக்கு அந்த ராத்திரி போனா நான் விளக்குக்கு எண்ணெய் ஊத்திக் குடுப்பேன், புதுசா வந்தவங்க இதைப் பத்தி ரொம்பக் கலங்கறாங்க, அம்மா அப்பாவை விட்டுக்குடுக்கச் சொல்லி யாரும் உங்கள கூப்பிடல, சந்தேகம்னா ஃபாதர்கிட்ட நேரா கேளுங்க.

நோன்பு, காசு, கேரல்ஸ்

தவக்காலம் மாதிரி ஒருசந்தி (நோன்பு) கட்டாயம் இதுல இல்ல. ஆனா ஏதாவது ஒண்ணைத் தள்ளி வைக்கிறது நல்லது. நான் தள்ளி வைக்கிறது கேக்கு, 24 வரைக்கும் செஞ்சதை வெட்டறதில்ல, டின்ல போட்டு மூடிருவேன். முதல் வருஷ அனுபவம்.

ஒரு காலி மைலோ டின் எடுத்து மூடியில ஓட்டை போடுங்க, தினம் வெளிய தே தாரிக் குடிக்காம மிச்சம் பிடிச்ச ரெண்டு வெள்ளியை அதுல போடுங்க. கடைசில பங்குல வின்சென்ட் தே பால் சபை இருந்தா அவங்ககிட்ட குடுங்க, எந்த வீட்டுல அரிசி இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். இல்லன்னா கண்ணு எட்ற தூரத்துல பாருங்க. நம்ம ஆளுங்க இருந்த லயத்துல இப்ப வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாக்காரங்க இருக்காங்க, கிறிஸ்மஸ் அன்னிக்கும் அந்தப் பசங்களுக்குப் போக இடம் கெடையாது. போன தடவை சோறும் கோழிக் குருமாவும் டாபாவ் கட்டிக்கிட்டுப் போனோம், ஒருத்தன் போன்ல அவன் அம்மாவைக் கூப்பிட்டு என்னைக் காட்டினான், நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை புரியாம அஞ்சு நிமிஷம் சிரிச்சோம்.

கேரல்ஸ் போறது நம்ம ஊர்ல பெரிய விஷயம், லாரியில கீபோர்டை ஏத்திக்கிட்டு சாந்தா தாத்தாவோட பி.இ.சி (பங்குல இருக்கற அக்கம்பக்கத்து சின்னக் குழு) வாரியா வீடு வீடா. நல்லாத்தான் இருக்கும், போங்க, ஆனா பத்து நாள் வரிசையா போயி தொண்டை கட்டி அந்தப் பத்து நிமிஷம் மொத்தமும் போச்சுன்னா நட்டம் உங்களுக்குத்தான். ரெண்டு மூணு நாள் போதும்னு நான் நெனக்கிறேன். பாட்டுக் குழு அண்ணன்மார் கோவிச்சுக்காதீங்க.

நடுவுல டிசம்பர் 3 புனித சவேரியார் திருநாள் வரும், விட்டுறாதீங்க, அவரு 1545ல மலாக்காவுக்கு வந்தவரு, நம்ம மண்ணை மிதிச்ச புனிதர். 1552ல சீனக் கரைக்கு எதிர்ல ஒரு தீவுல, உள்ள கூட்டிட்டுப் போக வர்றதா சொன்ன படகுக்குக் காத்திருந்தே காய்ச்சல்ல செத்துப் போனாரு. மறு வருஷம் அவரு உடம்பை மலாக்காவுக்குக் கொண்டு வந்து செயிண்ட் பால் குன்று கோயில்ல கொஞ்ச மாசம் வச்சிருந்துதான் கோவாவுக்கு எடுத்துட்டுப் போனாங்க. படகு வரவே இல்ல. காத்திருக்கற காலத்துல அவரு நாள் வர்றது எனக்குப் பொருத்தமாத்தான் படுது.

பாவசங்கீர்த்தனம்

எல்லாரும் தள்ளிப் போடற விஷயம். ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குச் சொல்றேன், டிசம்பர் ரெண்டாவது மூணாவது வாரத்துல பங்குல ஒரு சாயந்திரம் ஒப்புரவு வழிபாடு வைப்பாங்க, வெளியூர் ஃபாதர்ங்களும் வருவாங்க, தெரிஞ்ச ஃபாதர்கிட்ட சொல்ல வெக்கம்னா இதுதான் நேரம். முந்தின ராத்திரி உக்காந்து யோசிங்க: யாரைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிறேன், யாருக்கு நான் கடன்பட்டிருக்கேன், எதை மறைக்கிறேன். போன்ல எழுதிக்கிட்டுப் போனாலும் தப்பில்ல, முடிஞ்சதும் அழிச்சிருங்க. உள்ள போயி சிலுவை போட்டு, கடைசியா எப்ப பண்ணினேன்னு சொல்லி, பாவத்தைச் சுத்தி வளைக்காம சொல்லுங்க, மாமியார் செஞ்சதையெல்லாம் சொல்ல வேணாம், நீங்க செஞ்சது மட்டும். ஃபாதர் ஒரு பரிகாரம் குடுப்பாரு, மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்கு வருத்தப்படற செபம்) சொல்லணும், மறந்துட்டா அவரே சொல்லிக் குடுப்பாரு, மன்னிப்பு செபம், முடிஞ்சுது. அங்க சொன்னதை அவரு எக்காரணம் கொண்டும் வெளிய சொல்லக் கூடாது, சட்டமே அப்படி.

வகுப்புல இருக்கறவங்க, இன்னும் ஞானஸ்நானம் வாங்கல, உங்களுக்கு அது ஈஸ்டர் ராத்திரிதான். அதுவரைக்கும் பாவசங்கீர்த்தனமும் இல்ல, நன்மை (நற்கருணை) வாங்கறதும் இல்ல. வரிசையில போயி கைய நெஞ்சுல குறுக்கா வச்சு நின்னா ஆசீர்வாதம் குடுப்பாரு. முதல் கிறிஸ்மஸ்ல அது ஒரு மாதிரியாத்தான் இருக்கும், எல்லாரும் வாங்கறாங்க நான் மட்டும் வெறுங்கையோடன்னு. எனக்கும் இருந்துச்சு. இப்ப நெனச்சுப் பாத்தா அந்த ஒரு வருஷம்தான் நான் உண்மையா காத்திருந்த வருஷம், அதுக்கப்பறம் எல்லாம் பழக்கமாயிருச்சு.

17லேருந்து வேகம் எடுக்கும்

டிசம்பர் 16 வாக்குல மார்கழி பொறக்கும். எங்கம்மா அந்த மாசம் முழுக்க நாலரைக்கு எழுந்து வாசல் தெளிச்சு கோலம் போடுவாங்க, கோயில் ஒலிபெருக்கியில பாட்டு லயத்தையே எழுப்பிரும், ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணை எந்திரிடின்னு கூப்பிடற பாட்டுங்க. அந்த வீட்டுலேருந்து வந்ததால எனக்கு 17லேருந்து வர்ற ஏழு நாள் அழைப்பு புதுசாவே தெரியல. 17லேருந்து 23 வரைக்கும் கோயில் மாலை செபத்துல ஆண்டவரை நாளுக்கு ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஒவ்வொண்ணும் "வாரும்"னு முடியும். லத்தீன்ல இந்த ஏழு பேரோட முதல் எழுத்தைக் கடைசிலேருந்து திருப்பிப் படிச்சா "எரோ க்ராஸ்"னு வரும், "நாளைக்கு வந்துருவேன்"னு அர்த்தம். ஏழு நாள் கூப்பிட்டதுக்கு அதுக்குள்ளயே பதில் ஒளிஞ்சிருக்கு பாருங்க. அந்தப் பத்து நிமிஷத்துல அன்னிக்குள்ள பேரை மட்டும் மெதுவா பத்து தடவை சொல்லுங்க, இந்த ஒரு வாரம் அதுவே போதும்.

குடில் வேலையும் இப்பத்தான். 1223ல அசிசி பிரான்சிஸ் கிரேச்சோங்கற ஊர்ல நெச மாட்டையும் கழுதையையும் நிக்க வச்சு குடில் பண்ணினாரு, நமக்கு அட்டைப்பெட்டியும் சிமெண்டுப் பை காகிதமும் போதும், கசக்கி சாயம் அடிச்சா பாறை. 16ந் தேதி பச்சைப்பயிறை ஊறவச்சு தட்டுல ஈரத்துணி மேல தூவிருங்க, 24க்குள்ள குடிலுக்குப் பச்சைப் புல்லு ரெடி. தொட்டில்ல பாலனை வைக்காதீங்க, காலியா விடுங்க. பக்கத்துல லாலாங் புல்லை நறுக்கிக் கட்டி வைங்க, புள்ளைங்க யாருக்காவது ஒரு நல்லது செஞ்சா ஒரு புல்லை எடுத்துத் தொட்டில்ல போடணும், என்ன செஞ்சோம்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரர் போட்டதை ஒரு வருஷம் நான் எண்ணிப் பாத்தேன், அதைப் பத்தி இங்க எழுத வேணாம்.

24

அன்னிக்கு சாயந்திரத்துக்கு மேல சமையல் வச்சுக்காதீங்க, குருமாவுக்கு மசாலா முந்தின நாளே அரைச்சு வச்சிருங்க. மத்தியானம் ஒரு தூக்கம் போடுங்க, நான் தோள்ல சாஞ்ச கதை தெரியும்ல. பூசை நேரம் ஊருக்கு ஊரு மாறும், எட்டு மணிக்கும் இருக்கும், நடுராத்திரிக்கும் இருக்கும், தமிழ்ப் பூசை எதுன்னு புல்லட்டின்ல பாத்து வச்சுக்குங்க, ஒரு மணி நேரம் முன்னாடி போனாதான் உள்ள இடம், இல்லன்னா வெளிய கூடாரத்துக்கு அடியில பிளாஸ்டிக் நாற்காலி.

திரும்பி வந்ததும் லைட்டைப் போடறதுக்கு முன்னாடி வளையத்துல நாலையும் ஏத்திட்டு, வீட்டுலயே சின்னப் புள்ள கையில பாலனைக் குடுத்து அந்தப் புல்லு மேல வைக்கச் சொல்லுங்க. அப்பறம் கேக் டின்னைத் திறங்க. 26ந் தேதியே மரத்தைக் கழட்டிறாதீங்க, கிறிஸ்மஸ் காலம் ஜனவரில ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரைக்கும் ஓடும்.